என்சிக் சொந்தோவின் வயிறு

தம்புசாமிக்கு மலம் கறுத்துப் போனது ஒரு திங்கட்கிழமை. முப்பது வருடம் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டியவர் என்பதால் அதை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "புது ரோட்டுக்கு ஊத்துவாங்கல்ல தார், அந்த மாதிரி இருக்கு டாக்டர்," என்று வார்டு டாக்டர் நஸ்ரினிடம் சொன்னார். வாடையைப் பற்றியும் சொல்ல நினைத்து, பெண் டாக்டராயிற்றே என்று விட்டுவிட்டார்.

டாக்டர் நஸ்ரின் அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மனைவி சீதாலெட்சுமியை வெளியே அழைத்து விளக்கினார். தம்புசாமிக்கு இரத்தப் புற்றுநோய். அதற்குக் கொடுக்கும் மருந்து, இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்களையும் சேர்த்து அழித்துவிட்டது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது இப்போது பதினெட்டாயிரம். இந்த நிலையில் இரைப்பையில் எங்கோ ஒரு குழாய் கசிகிறது.

"வாய் வழியா ஸ்கோப் விட்டுப் பார்க்கணும் ஆன்டி. எங்க கசியுதுன்னு தெரிஞ்சா அங்கேயே கிளிப் போட்டு நிறுத்திடலாம். அரை மணி நேர வேலை."

"அப்ப செஞ்சிடுங்க டாக்டர்."

டாக்டர் நஸ்ரின் பேனாவை எடுத்தார். "நான் ஃபாரம் எழுதித் தரேன். நீங்க நாலாம் மாடில வாசுவைப் பாருங்க," என்றார்.

கோலாலம்பூரின் அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் பெயர் உண்டு. இங்கே வேண்டாம். சொன்னால் அதை விசாரிக்க ஒரு குழு அமைப்பார்கள். ஏற்கெனவே அங்கே நாற்பத்தாறு குழுக்கள் இருக்கின்றன; கூட்டம் நடத்த அறை கிடைப்பதில்லை.

சீதாலெட்சுமி கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியின் சிற்றுண்டிச்சாலையை நடத்துபவள். நானூறு பிள்ளைகள், இருபது நிமிட ஓய்வு நேரம். மணி அடிப்பதற்குள் கடைசிப் பிள்ளையின் தட்டிலும் நாசி லெமாக் சோறு விழுந்திருக்கும். ஆகவே ஓர் ஆளுக்கு அரை மணி நேர வேலை என்றதும், மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனாள்.

எண்டோஸ்கோப்பி ஒருங்கிணைப்பு அதிகாரி வாசு கெட்ட மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஃபாரத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கவலையோடு தலையை ஆட்டினார்.

"பதினெட்டு போட்டிருக்கு அக்கா. எங்களுக்கு ஐம்பது வேணும்."

"எது ஐம்பது?"

"பிளேட்லெட். ஐம்பதாயிரத்துக்குக் கீழ இருந்தா ஸ்கோப் பண்றப்ப இரத்தம் கசியும்னு ரூல்."

"அவருக்கு இப்பவே கசியுதே. அதுக்குத்தானே ஸ்கோப்."

"அது வேற கசிவு," என்றார் வாசு. "பிளட் பேங்க்ல பிளேட்லெட் வாங்கி ஏத்துங்க. ஐம்பது வந்ததும் நான் உடனே டைம் போட்டுத் தரேன் லா. எனக்கென்ன இருக்கு."

இரத்த வங்கி தரைத்தளத்தில் இருந்தது. அங்கே இருந்த பெண்ணும் கெட்டவள் இல்லை. பிளேட்லெட் பைகள் ஐந்து நாள்தான் தாங்கும், அதனால் வீணாக்க முடியாது, ஸ்கோப்புக்கு நேரம் குறித்த சீட்டைக் காட்டினால் அந்த நிமிடமே தருவோம் என்றாள். சீதாலெட்சுமி மறுபடி நாலாம் மாடிக்குப் போனாள். ஐம்பது இருந்தால்தான் சீட்டு என்றார் வாசு. மறுபடி கீழே வந்தாள். சீட்டு இருந்தால்தான் ஐம்பது என்றாள் அந்தப் பெண். மூன்றாவது தடவை லிஃப்டுக்குள் நின்றபோது, இரண்டு பேரும் சொல்வது தனித்தனியாக எவ்வளவு நியாயமாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசிக்கலாமே," என்று வாசுவிடம் கேட்டாள்.

"பேசறோமே அக்கா. மாசா மாசம் மீட்டிங் இருக்கு."

செவ்வாய்க்கிழமை டாக்டர் நஸ்ரின் இரத்த வங்கிக்கே போய் நின்றார். என்ன பேசினார் என்று தெரியாது. வரும்போது கையில் இரண்டு பை இருந்தது. எலுமிச்சைச் சாறு போல மஞ்சளாக இருந்ததைத் தம்புசாமி கண்கொட்டாமல் பார்த்தார். ஏற்றி முடித்து இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். பத்தரை மணிக்கு முடிவு வந்தது. ஐம்பத்தொன்று.

சீதாலெட்சுமி தாளை எடுத்துக்கொண்டு படியேறி ஓடினாள். வாசு எழுந்து நின்று கைகொடுத்தார். பிறகு தாளில் மூன்று கையெழுத்து வேண்டும் என்றார். பரிசோதனைக் கூடத் தலைவர், மயக்கவியல் துறை, தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு. முதலாமவர் இரண்டாம் மாடியில் இருந்தார். மயக்கவியல் ஆறாம் மாடி. அங்கே கையெழுத்துப் போடுபவர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் காத்திருந்தாள். தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு எதிர்க்கட்டடத்தில், மதிய உணவு நேரம். மூன்றாவது கையெழுத்தோடு அவள் திரும்பி வந்தபோது மணி இரண்டேகால்.

"ரிசல்ட் ரெண்டு மணி நேரம்தான் செல்லும் அக்கா. பிளேட்லெட் இறங்கிடும் பாருங்க. பேஷண்டோட பாதுகாப்புக்குத்தான்."

மறுபடி இரத்தம் எடுத்தார்கள். முப்பத்தொன்று. இறங்கித்தான் இருந்தது. வாசு சொன்னது சரியாகப் போனதில் அவருக்கே வருத்தம்.

புதன்கிழமை, குறைந்த பிளேட்லெட் எண்டோஸ்கோப்பி மேற்பார்வைக் குழு கூடியது. நோயாளியின் குடும்பமும் பங்கேற்க வேண்டும் என்று புதிதாக ஒரு விதி வந்திருந்ததால் சீதாலெட்சுமிக்கும் ஒரு நாற்காலி போட்டு, முன்னால் அவள் பெயர் எழுதிய அட்டையும் வைத்திருந்தார்கள். தண்ணீர்ப் போத்தல், பென்சில், கடிக்கக் கறிப்பாப் எல்லாம் இருந்தன. தலைமை, மருத்துவமனை இயக்குநர், டத்தோ பட்டம் வாங்கிய டாக்டர் ராஜன். அவளுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே பேசினார்.

"அம்மா, ஒரு விஷயத்தை நீங்க பெருமையா நினைக்கணும். பதினோரு வருஷமா இந்த ஆஸ்பத்திரில, பிளேட்லெட் குறைஞ்ச இரத்தப் புற்றுநோயாளி ஒருத்தருக்குக்கூட எண்டோஸ்கோப்பில சிக்கல் வந்ததில்லை. பூஜ்யம். மலேசியாவுல வேற யாரும் இப்படிச் சொல்ல முடியாது."

"எத்தனை பேருக்குச் செஞ்சீங்க டத்தோ?" என்று கேட்டாள். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள்.

டத்தோ புன்னகைத்தார். "செய்யாம இருந்தாத்தானே அம்மா பூஜ்யத்தைக் காப்பாத்த முடியும்."

மேசையின் கோடியில் ஸ்கோப் செய்யும் டாக்டர் முகுந்தன் உட்கார்ந்திருந்தார். நரை விழுந்த, தூக்கம் போதாத முகம். அவர் எழுந்தார். "டத்தோ, இவருக்கு இன்னைக்கு மறுபடி பதினெட்டு. அது ஒண்ணும் தொடக்கூடாத எண் இல்ல. ஐம்பது இருந்தா நல்லதுதான். இல்லைன்னா ஒரு பக்கம் பிளேட்லெட் ஏத்திக்கிட்டே இன்னொரு பக்கம் ஸ்கோப் பண்ணலாம். வெளியில எவ்வளவோ இடத்துல பண்றாங்க. ரிஸ்க் இருக்கு, ஒத்துக்கறேன். சும்மா படுக்க வைக்கிறதுலயும் ரிஸ்க் இருக்கு. இந்த வருஷம் ஐம்பதுக்காகக் காத்திருந்தவங்க ஏழு பேர். அதுல மூணு பேர் இறந்துட்டாங்க."

"எங்க இறந்தாங்க?" என்று கேட்டார் டத்தோ.

"வார்டுல."

"அப்ப அது வார்டு கணக்கு. எண்டோஸ்கோப்பி கணக்கு இல்ல." டத்தோ இதைக் கடுமையாகச் சொல்லவில்லை, குழந்தைக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். "டாக்டர் முகுந்தனோட அக்கறையைக் குழு பாராட்டுது. அதைக் குறிப்புல ஏத்திக்குங்க. இந்த கேஸை அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

அடுத்த கூட்டம் நோயாளி பாதுகாப்பு வாரம் முடிந்த பிறகுதான் நடக்கும் என்றார் செயலாளர். பாதுகாப்பு வாரத்தில் எல்லோருக்கும் வேலை அதிகம்.

சீதாலெட்சுமி கறிப்பாப்பைத் தொடாமல் வார்டுக்குத் திரும்பினாள். தம்புசாமியின் உதடு வெளுத்துப் போயிருந்தது. காலையிலிருந்து இரண்டு பை சிவப்பு இரத்தம் ஏற்றியாயிற்று. ஏற்றியது ஏற்றியபடி கீழே போய்க்கொண்டிருந்தது.

"என்ன சொன்னாங்க சீதா?"

"பாராட்டினாங்க."

"யாரை?"

அவள் அவர் நகத்தைப் பார்த்தாள். நகமும் வெளுப்பு. அவர் கண்ணை மூடியபடியே, "லோரியில டயர்ல காத்து இறங்கினா ஓரங்கட்டி ஒட்டுப் போடுவோம்," என்றார். "காத்து நிறைய இருந்தாத்தான் ஒட்டுப் போடுவேன்னு ஒரு வொர்க்‌ஷாப்காரனும் சொன்னதில்ல." அவ்வளவு பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. அதன் பிறகு அன்று முழுக்க அவர் பேசவில்லை. அவளுக்கு அதுதான் பயமாக இருந்தது. மணம் செய்து முப்பத்து நாலு வருடத்தில் அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை.

வியாழக்கிழமை பாதுகாப்பு வாரத்தின் முக்கிய நாள். முகப்பில் பதாகை கட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து மூன்று மதிப்பீட்டாளர்கள் வந்திருந்தார்கள். வயிற்றில் இரத்தம் கசியும் ஒரு நோயாளியை மருத்துவமனை எவ்வளவு வேகமாகக் காப்பாற்றுகிறது என்று ஒத்திகை செய்து காட்ட வேண்டும். நோயாளி ஒரு ரப்பர் பொம்மை. அதற்கு என்சிக் சொந்தோ என்று பெயர் வைத்திருந்தார்கள். என்சிக் என்றால் திரு. சொந்தோ என்றால் மலாயில் மாதிரி.

என்சிக் சொந்தோவுக்குக் கோப்பு இருந்தது. கையில் பெயர்ப்பட்டை இருந்தது. இரத்தப் புற்றுநோய், வயிற்றுக் கசிவு, பிளேட்லெட் ஐம்பத்திரண்டு என்று எழுதி, மூன்று கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். காலை பத்து மணிக்கு ஸ்கோப் என்று வாசு சீட்டும் போட்டிருந்தார். சீட்டு முறையாக இருந்ததால் இரத்த வங்கி மறுபேச்சில்லாமல் நாலு பை பிளேட்லெட்டை அனுப்பி வைத்தது. அவை நிஜப் பைகள்.

அன்று காலை தம்புசாமியை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எடுத்து முடித்துத் திரும்பும் வழியில், நாலாம் மாடித் தாழ்வாரத்தில் கட்டிலை நிறுத்திவிட்டு, தள்ளிக்கொண்டு வந்தவரைப் பதாகை தூக்கிக் கட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். சீதாலெட்சுமி பக்கத்தில் நின்றாள். அடுத்து இன்னொரு தள்ளுகட்டில் நின்றது. அதிலும் கழுத்து வரை போர்த்திய ஓர் உருவம் கண்ணை மூடிப் படுத்திருந்தது. தலைமாட்டில் நாலு மஞ்சள் பைகளும் ஒரு கோப்பும் இருந்தன. அவள் கோப்பின் மேலிருந்த பெயரைப் படித்தாள். பிறகு பைகளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

பத்தாக ஐந்து நிமிடம் இருக்கும்போது ரொஸ்லி என்ற மலாய் ஊழியர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். இரண்டு கட்டில்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றில் இருந்தவர் கன்னத்தில் நல்ல நிறம். மற்றவர் மெழுகு மாதிரி, அசைவே இல்லை. ரொஸ்லி நிறமில்லாதவரைக் காட்டி, "இனி சொந்தோ, காக்?" என்று கேட்டார். இதுதானே மாதிரி, அக்கா என்று அர்த்தம்.

சீதாலெட்சுமி கிள்ளானிலேயே பிறந்து வளர்ந்தவள். மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் தம்புசாமியின் தோளில் கையை வைத்து, "சொந்தம்," என்றாள்.

ரொஸ்லி நாலு பைகளையும் கோப்பையும் எடுத்துத் தம்புசாமியின் காலடியில் வைத்து, கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார். அவளும் பின்னால் ஓடினாள்.

எண்டோஸ்கோப்பி அறையின் ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அதற்கு அப்பால் மதிப்பீட்டாளர்கள் மூவரும் கையில் நேரக்கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் டத்தோ. டாக்டர் முகுந்தன் கையுறை மாட்டிக்கொண்டு பொம்மையின் பக்கம் திரும்பினார். பொம்மை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.

டாக்டர் முகுந்தன் கோப்பைப் பார்த்தார். ஐம்பத்திரண்டு. மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தார். தம்புசாமி. பிறகு கதவோரம் நின்ற சீதாலெட்சுமியைப் பார்த்தார். அவள் தலை குனியவில்லை.

அவர் கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். "அங்கிள், நான் முகுந்தன். இன்னைக்குக் காலைல உங்க பிளேட்லெட் பதினாறு. ஸ்கோப் பண்ணா கசிவு அதிகமாகலாம். மூச்சுல சிக்கல் வரலாம். உயிருக்கும் ஆபத்து இருக்கு, மறைக்க மாட்டேன். ஆனா கண்டுபிடிச்சா நிறுத்த முடியும். பண்ணட்டுமா?"

"பண்ணுங்க டாக்டர்," என்றார் தம்புசாமி. "தார் தீர்ந்துடும் போல இருக்கு."

"ஆன்டி?"

"பண்ணுங்க."

தாதியர்கள் இருவர். மூத்தவள் ஒரு கணம் டாக்டரைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் முதல் பையைத் தொங்கவிட்டுக் குழாயைத் திறந்தாள். பிளேட்லெட் சொட்டச் சொட்ட டாக்டர் முகுந்தன் கறுப்புக் குழாயை உள்ளே செலுத்தினார். தம்புசாமி ஓங்கரித்தார்.

கண்ணாடிக்கு அப்பால் மூத்த மதிப்பீட்டாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சவுண்டுகூட வருதா?" என்று டத்தோவிடம் கேட்டார்.

"லேட்டஸ்ட் மாடல்," என்றார் டத்தோ.

திரையில் முதலில் கட்டி கட்டியாகக் கறுப்பு. கழுவக் கழுவ இளஞ்சிவப்புச் சுவர் தெரிந்தது. சீதாலெட்சுமிக்குத் தன் கணவரின் உள்ளே இவ்வளவு சுத்தமான இளஞ்சிவப்பு இருக்கும் என்று தெரியாது. இரைப்பையின் மேல்மூலையில் ஒரு சின்னப் புள்ளி. அதிலிருந்து இரத்தம், மீன் பாசார் குழாயில் வாஷர் போனது மாதிரி, விட்டு விட்டுப் பீறிட்டுக்கொண்டிருந்தது. இத்தனை மாடிகள் ஏறி இறங்கியது இந்தப் புள்ளிக்காகத்தான். முதல் கிளிப் வழுக்கியது. இரத்தம் திரை முழுக்கப் பரவியது. அவள் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அடுத்த பை," என்றார் டாக்டர் முகுந்தன். இரண்டாவது கிளிப் பிடித்தது. மூன்றாவதும் போட்டார். கழுவினார். காத்திருந்தார். இளஞ்சிவப்பு இளஞ்சிவப்பாகவே இருந்தது.

முப்பத்தெட்டு நிமிடம். மதிப்பீட்டாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தத்ரூபத்துக்குப் பத்துக்குப் பத்து போட்டார்கள்.

இதற்கிடையே தாழ்வாரத்தில் தனியாகக் கிடந்த என்சிக் சொந்தோவை, எக்ஸ்ரே முடிந்த நோயாளி என்று எண்ணி யாரோ வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்த் தம்புசாமியின் இடத்தில் விட்டுவிட்டார்கள். பதினொரு மணிக் குறிப்பேட்டில், "நோயாளி அமைதியாக இருக்கிறார். வாந்தி இல்லை. கறுப்பு மலம் இல்லை. புகார் எதுவும் இல்லை" என்று பதிவாகியிருந்தது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுத் தட்டு வைத்தவர்தான் முதலில் சந்தேகப்பட்டார்.

விசாரணை மறுநாளே நடந்தது. அவ்வளவு வேகமாக அங்கே எதுவும் நடந்ததில்லை. நாற்பத்தேழாவது குழு. சீதாலெட்சுமி சொன்னது சொந்தோவா, சொந்தமா என்பதில் ஒன்றேகால் மணி நேரம் போனது.

"சொந்தோன்னு கேட்டுச்சாம் ரொஸ்லிக்கு," என்றார் டத்தோ.

"நான் சொந்தம்னுதான் சொன்னேன் டத்தோ. கட்டின புருஷனை வேற என்னன்னு சொல்றது."

மொழி தெரிந்த ஒருவரை வரவழைத்து இரண்டு சொல்லையும் பத்துப் பத்துத் தடவை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கடைசியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவர் தொண்டையைச் செருமினார். "டத்தோ, ரெண்டே வழிதான். உள்ள போனது நோயாளின்னு எழுதினா, பிளேட்லெட் பதினாறுல ஸ்கோப் பண்ணோம்னு ஆகும். பதினோரு வருஷப் பூஜ்யம் போயிடும். மதிப்பீட்டாளர்கள் கொடுத்த மார்க்கும் செல்லாது. உள்ள போனது பொம்மைன்னு எழுதினா, எல்லாமே சரியா இருக்கு."

டத்தோ சன்னலுக்கு வெளியே பங்சார் பக்கத்துக் கட்டடங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டாக்டர் முகுந்தனைக் கேட்டார்.

"டாக்டர், நீங்க நேத்து யாருக்கு ஸ்கோப் பண்ணீங்க?"

"வயித்துல இரத்தம் கசிஞ்சுக்கிட்டு இருந்த ஒருத்தருக்கு டத்தோ."

"கோப்புல இருந்த பேர்?"

"என்சிக் சொந்தோ."

"அவ்வளவுதான் வேணும்."

வாசுவே தாளை எடுத்துக்கொண்டு வார்டுக்கு வந்தார். இந்த மருத்துவமனையில் தனக்கு எண்டோஸ்கோப்பி எதுவும் செய்யப்படவில்லை என்று தம்புசாமி உறுதி கூறும் தாள் அது. தம்புசாமி தொண்டை வலியோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"பேனா கொடுங்க பாஸ்," என்றார். "உயிரோட இருந்தா எத்தனை கையெழுத்து வேணும்னாலும் போடலாம்."

கையெழுத்தானதும் வாசு போகாமல் நின்றார். "அண்ணே, கறுப்பு நின்னுடுச்சா?"

"காலைல பழுப்பாயிடுச்சு."

வாசு சுற்றிலும் பார்த்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம்ணே," என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மாதக் கடைசியில் தம்புசாமியின் எலும்பு மஜ்ஜை விழித்துக்கொண்டது. பிளேட்லெட் மற்றவர் தயவில்லாமல் எழுபதைத் தொட்டது. புற்றுநோய்க்கான மருந்து இன்னும் மூன்று சுற்று பாக்கி. ஆனாலும் வீட்டுக்குப் போகலாம் என்றார் டாக்டர் நஸ்ரின். மருத்துவமனைக்கு விருது கிடைத்தது. டாக்டர் முகுந்தனுக்குச் சிறந்த ஒத்திகைக்கான சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கிக்கொண்டு, ஐம்பதுக்காகக் காத்திருப்பவர்களின் புதிய பட்டியல் ஒன்றை டத்தோவிடம் கொடுத்தார். டத்தோ அதைக் குழுவுக்கு அனுப்பினார்.

குழு சும்மா இருக்கவில்லை. இப்படி ஒரு தவறு இனி நேராதிருக்கப் புதிய விதி போட்டது. இன்றுமுதல் எண்டோஸ்கோப்பி அறைக்குள் போகும் எவருக்கும், பொம்மையாக இருந்தாலும், அன்று காலை எடுத்த இரத்தத்தில் பிளேட்லெட் ஐம்பது இருக்க வேண்டும். அடுத்த ஒத்திகை நாளில் என்சிக் சொந்தோவின் கையில் ஊசி குத்தினார்கள். பரிசோதனைக் கூடம் நேர்மையாக முடிவு அனுப்பியது. பூஜ்யம். வாசுவால் சீட்டுப் போட முடியவில்லை. சீட்டில்லாததால் இரத்த வங்கி பையும் தரவில்லை.

தம்புசாமியின் இரண்டாவது சுற்று மருந்துக்காக வந்த அன்று சீதாலெட்சுமி நாலாம் மாடித் தாழ்வாரத்தின் வழியாகப் போனாள். தள்ளுகட்டில் சுவரோரம் நின்றது. ஒன்பது நாளாக அங்கேயே நிற்கிறது என்று பெருக்கிக்கொண்டிருந்த பெண் சொன்னாள். தலைமாட்டில் வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது என்ற அட்டை தொங்கியது. ஏர்கோன் காற்று நேராக அந்தக் கட்டில் மேல்தான் விழுந்தது. போர்வை நழுவி, இரண்டு ரப்பர் பாதங்களும் வெளியே தெரிந்தன.

சீதாலெட்சுமி நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். போர்வையை இழுத்துக் காலை மூடி, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிட்டு, மருந்து ஏறிக்கொண்டிருந்த கணவரிடம் போனாள்.